டோனாவூர் அம்மை ஏமி கார்மைக்கேல்

திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் டோனாவூர். பெயரைக் கேட்ட அளவிலேயே இது தமிழ்ப் பெயரா, அயற்பெயரா என்னும் ஐயம் எழும். ஜெர்மானியரான இரேனியஸ் ஐயர் 1820களில் இங்குக் கிறித்தவக் குடியிருப்பொன்றை ஏற்படுத்தியபோது அதற்குப் பொருளுதவி செய்தவர் பிரஷ்ய நாட்டுப் பிரபுவான டோனா. அவர் பெயரோடு நம் 'ஊர்' இணைந்து டோனாவூர் ஆயிற்று. இவ்வூரின் பெயரை உலகின் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றவர் அயர்லாந்தில் பிறந்து, 27ஆம் வயதில் இந்தியா வந்து, மீண்டும் தாயகம் திரும்பாமலே இம்மண்ணில் உறங்கும் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

தன் ஆற்றலை நம்பாது இறைவனின் ஆற்றலைச் சார்ந்து வாழ்தல் என்னும் கொள்கை கிறித்தவ வாழ்வின் உயிர்நாடி எனப் போற்றப்படுவது. எழுதுவதற்கு எளிய கொள்கை அது. வாழ்ந்து காட்ட முனைந்தோருள், அக்கொள்கையால் தாமே கடுமையாகச் சோதிக்கப்பட்டவர் என்று கார்மைக்கேலைக் குறிப்பிடலாம். இந்திய மண்ணில் அவர் வாழ்ந்த ஆண்டுகள் ஐம்பத்தைந்து. அவற்றுள் முதல் முப்பத்தாறு ஆண்டுகள் ஓய்வறியா ஓட்டம். பின்னைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் அறை. இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்து நோக்கினால்தான் அவர் கொண்டிருந்த நம்பிக்கையின் தன்மை புலப்படும்.

அவர் 1867 டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரான மில்லைலில் பிறந்தார். தந்தை டேவிட் கார்மைக்கேல் மாவு ஆலை உரிமையாளர். எழுவர் பிறந்த குடும்பத்தில் ஏமியே மூத்தவர். தம் பழுப்பு விழிகளை விரும்பாத சிறுமி, அவற்றை நீல விழிகளாக்குமாறு ஓரிரவு வேண்டிக்கொண்டு உறங்கினாள் என்பதும், விடிந்ததும் கண்ணாடி முன் நின்று ஏமாந்தாள் என்பதும் அவர் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் சொல்லும் செய்தி. பிற்காலத்தில் தமிழ்ப் பெண்டிரைப் போலச் சேலையுடுத்தி நம்மூர்த் தெருக்களில் நடந்தபோது அப்பழுப்பு விழிகள் அவருக்குத் துணை செய்தன. இதில் இறைத்திட்டத்தைக் காண்போர் காணலாம்.

தந்தையார் பொருளிழப்புக்கு உள்ளாகி 1885இல் மறைந்தார். அப்போது குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்தது. அந்நகரின் நூலாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வழியின்றித் தலையைச் சால்வையால் போர்த்திக்கொண்டு வருவர். ஆலயத்திற்கு வரும் மதிப்புமிக்கோர் அவர்களைக் கண்டு முகம் சுளித்தனர். ஏமியோ அவர்களுக்கென வகுப்புகள் நடத்தினார். கூட்டம் பெருகவே, 500 பேர் அமரத்தக்க இரும்புத் தகட்டுக் கூடம் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு வேண்டிய 500 பவுண்டுக்காக அவர் எவரிடமும் கையேந்தவில்லை. இறைவனிடம் மட்டும் கேட்டார். பெண்மணி ஒருவர் அத்தொகை முழுவதையும் அளிக்க முன்வந்தார். 1889இல் கூடம் திறக்கப்பட்டது. பொருள் வேண்டி மனிதரிடம் முறையிடுவதில்லை என்று பிற்காலத்தில் டோனாவூரில் அவர் கைக்கொண்ட நெறி, பெல்ஃபாஸ்டின் ஆலைப் பகுதியிலேயே முளைவிட்டுவிட்டது.

இதற்கு முன்பே, 1886இல் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற கூட்டமொன்று அவருடைய உள்ளத்தைத் திருப்பியிருந்தது. இங்கிலாந்தின் கெசிக் என்னும் ஏரிக்கரை ஊரில் 1875 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த மாநாட்டின் போதனையைத் தழுவிய கூட்டம் அது. பாவத்தை வெல்வதற்கு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வதால் பயனில்லை. தன்னை முற்றிலும் ஒப்புக்கொடுத்தால் கிறித்துவே அவனுள் வென்று வாழ்வார் என்பது கெசிக் போதனையின் சாரம். நம் வைணவப் பெரியோர் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் காட்டிச் சரணாகதியை விளக்கியதை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. தாயை இறுகப் பற்றும் குட்டி ஒன்று. தாயால் கவ்வப்படும் குட்டி மற்றொன்று. கெசிக் நெறி இரண்டாவதை ஒத்தது. கிளாஸ்கோவில் ஏமியின் நெஞ்சைத் தொட்டது நீண்ட சொற்பொழிவு எதுவுமன்று; கூட்ட முடிவில் ஒருவர் வேண்டுகையில், தவறி விழாமல் காக்க வல்லவர் இறைவன் என்று யூதாவின் நிருபத்தை ஒட்டிச் சொன்ன ஒரு சொல்லே. வெளியே வந்து உணவகத்தில் அமர்ந்தபோது பரிமாறப்பட்ட இறைச்சி சரியாக வேகவில்லை. உடன் வந்தோர் குறைப்பட்டுக்கொள்ள, அதில் என்ன இருக்கிறது என்று அப்பதினெட்டு வயதுப் பெண் வியந்தார். பெரிய மாற்றங்களின் அடையாளம் சில சமயம் இத்தகைய சிறு செய்திகளில்தான் கிடைக்கிறது.

கெசிக் மாநாட்டைத் தோற்றுவித்தோருள் ஒருவரான இராபர்ட் வில்சன், மனைவியையும் மகளையும் இழந்த முதியவர், ஏமியைத் தம் மகளாகவே ஏற்றார். அந்த இல்லத்தின் அரவணைப்பை விட்டு வெளியேறுவது ஏமிக்கு எளிதாக இருக்கவில்லை. சீனா செல்ல விரும்பினார். உடல்நலம் போதாது என்று மருத்துவர் மறுத்தார். 1893இல் ஜப்பான் சென்றார். அங்கும் நரம்புத் தலைவலி அவரை வீழ்த்தியது. இலங்கையில் சில காலம் தங்கி இங்கிலாந்து திரும்பி, 1895இல் பெங்களூரில் கால் வைத்தார். வந்த சில நாள்களிலேயே காய்ச்சல். உடல்வலிமையை அளவுகோலாகக் கொண்டு ஆளெடுத்திருந்தால் எந்தச் சபையும் அவரைத் தேர்ந்திருக்காது.

தமிழகத்தின் தென்கோடியில் பணிபுரிந்த தாமஸ் வாக்கர் ஐயர் அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்து வந்தார், தமிழும் கற்பித்தார். பொன்னம்மாள் என்னும் இளங்கைம்பெண் உள்ளிட்ட தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கார்மைக்கேல் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அணிகலன்களைத் துறந்த அப்பெண்களின் குழு விண்மீன் கூட்டம் என்று வழங்கப்பட்டது. அக்காலத் திருநெல்வேலியில் ஆணின் துணையின்றிப் பெண்கள் வண்டி கட்டிச் செல்வதென்பது எத்தகைய பேச்சுக்கு இடமாகியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்தபோது, கோயில் மகளிரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து அடைக்கலம் புகுந்தாள். முன்பு ஒருமுறை தப்பித் தாயிடம் சென்றபோது திருப்பி ஒப்படைக்கப்பட்டதும், தண்டனையாகக் கைகளில் சூடு போடப்பட்டதும் அவள் சொன்ன செய்திகள். பிரீனா என்று பெயர் பெற்ற அச்சிறுமி வந்த நாள்முதல் கார்மைக்கேலின் பயணம் திசைமாறியது. ஊர் சுற்றி நற்செய்தி சொல்ல வந்தவர், குழந்தைக்குப் பால் புகட்டவும் தொட்டிலாட்டவும் இருந்த இடத்தில் தங்கினார். 1913ஆம் ஆண்டளவில் டோனாவூரில் 130 பிள்ளைகள் இருந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

பொட்டுக்கட்டும் வழக்கம் குறித்து ஒரு சொல். அம்மரபில் தோன்றியே அதன் கொடுமையை 1936இல் நாவலாக எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும், சட்டமன்றத்தில் போராடிய மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியையும் தமிழுலகம் அறியும். 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டம் நிறைவேறியது. அம்மகளிர் இசையையும் ஆடலையும் காத்தவர்கள் என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். கார்மைக்கேலின் நூல்களில் இந்தப் பக்கம் இடம்பெறவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் கண்டது குழந்தையின் சுட்ட கையை மட்டுமே.

1903இல் வெளிவந்த அவருடைய முதற்பெரும் நூல், மறைப்பணியின் தோல்விகளைப் பூசி மெழுகாமல் எழுதியதால் இங்கிலாந்தில் பலரை வருத்தியது. இங்குள்ள ஆங்கிலேயருள்ளும் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நெய்யூரில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் நோய் பரவிக் குழந்தைகள் மடிந்தனர். 1912 ஆகஸ்டில் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டினத்தில் திடீரென மறைந்தார். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தார். சிறுமியொருத்தியை உறவினரிடம் திருப்பி அனுப்ப மறுத்ததற்காக ஏழாண்டுச் சிறை நேரலாம் என்ற நிலையும் வந்தது. 1914இல் அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. ஊன்றுகோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்தபோதும், பிள்ளைகளுக்கு அரிசியும் பாலும் குறைவின்றி வந்தன. பணம் வேண்டி அறிக்கை விடுவதில்லை, கடன் வாங்குவதில்லை, பணியாற்றுவோர்க்கு ஊதியமில்லை. இந்நெறிகளுடன் ஒரு பெருங்குடும்பம் நடந்தது என்பது, நம்பாதவரும் மறுக்க முடியாத செய்தி.

இங்கே ஒரு வினா எழுகிறது. இத்தனையும் இறைவனின் வலிமையா, அன்றி அசாதாரணமான ஒரு பெண்ணின் மனவலிமையா? கார்மைக்கேல் ஆணையிடப் பிறந்தவர். தாம் இறைவனிடமிருந்து பெற்றதாக உறுதிகொண்ட வழிகாட்டலை மற்றவர் ஐயுறுவதை அவரால் தாங்க இயலவில்லை. பின்னாளில் திருநெல்வேலிப் பேராயராகவும் திருச்சபை வரலாற்றறிஞராகவும் புகழ்பெற்ற ஸ்டீபன் நீல் இளைஞராக டோனாவூருக்கு வந்தார், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, சிறிது காலத்திலேயே பிரிய நேர்ந்தது. அப்பிரிவு இருவர் உள்ளத்திலும் ஆழ்ந்த வடுவாயிற்று. இறைவனைச் சார்ந்திருப்பவர், தம் விருப்பத்தையே இறைவனின் விருப்பமாகக் கொள்ளும் இடர் எப்போதும் உண்டு. கார்மைக்கேல் அவ்விடருக்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர்.

வினாவுக்கு விடை 1931 அக்டோபர் 24ஆம் நாள் தொடங்கியது. அன்று காலை, தம்மைத் தொண்டுக்குத் தகுதியாக்கும் எதனையும் தமக்குச் செய்யுமாறு அவர் இறைவனிடம் வேண்டியிருந்தார். மாலையில் களக்காட்டில் மருத்துவப் பணிக்கென எடுத்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில், கழிவறைக்காகப் புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் தாக்குண்டது. நெய்யூர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில வாரங்களில் நடப்பார் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். அவருக்கு அப்போது 63 வயது. பழைய நடை திரும்பவே இல்லை.

நோயாளிகளுக்கு ஆறுதல் கூறும் நூல்களை நலமுள்ளோர் எழுதுவதில் உள்ள குறையை அவர் படுக்கையில் உணர்ந்தார். வலியற்றவர் எழுதிய இனிய சொற்கள் வலியுற்றவரின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிந்து, வலிக்கு உள்ளிருந்தே எழுதினார். 1933இல் வெளிவந்த அத்தகைய நூலில், தம் உறக்கமற்ற இரவுகளையும் சோர்வையும் மறைக்கவில்லை. சுகம் வேண்டிப் பலர் மன்றாடினர், சுகம் வரவில்லை. பெல்ஃபாஸ்டில் 500 பவுண்டு வந்தது போல இங்கு விடை வரவில்லை. கேட்டது கிடைக்கும் நாளில் இறைவனைச் சார்ந்திருப்பது ஒன்று. கேட்டது மறுக்கப்பட்ட பின்னும் அவரையே சார்ந்திருப்பது வேறொன்று. கார்மைக்கேலின் இரண்டாம் பகுதி வாழ்க்கை இந்த இரண்டாவது வகை. அதுவே கடினமானது.

மற்றுமொரு மாற்றமும் நேர்ந்தது. பிறரைத் தூக்கியெடுத்தவர், பிறர் தூக்கியெடுக்கக் காத்திருக்க வேண்டியவரானார். அவர் வளர்த்த பெண்களே அவரைக் குளிப்பாட்டினர், புரட்டிப் படுக்கவைத்தனர், இரவில் விழித்திருந்தனர். பிள்ளைகள் ஓட, அவர் அறைத் தாழ்வாரத்துப் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையிலிருந்து பன்னிரண்டுக்கு மேற்பட்ட நூல்களும் எண்ணற்ற கடிதங்களும் வெளிவந்தன. மகளாக வளர்த்துத் தமக்குப் பின் பொறுப்பேற்பார் என நம்பியிருந்த அருளாயி 1939இல் மறைந்தபோது இறுதிச் சடங்குக்கு எழுந்து செல்லும் நிலையிலும் அவர் இல்லை. 1948இல் அறைக்குள்ளேயே மீண்டும் விழுந்தார். அதன்பின் படுக்கையை விட்டு எழவேயில்லை.

1951 ஜனவரி 18ஆம் நாள், தம் 83ஆம் வயதில் உயிர் நீத்தார். தம் கல்லறைமேல் நினைவுக்கல் வைக்கலாகாது என்று அவர் முன்னரே கூறியிருந்தார். சொல்லை மீறவும் மனமின்றி, இடத்தை வெறுமையாக விடவும் மனமின்றிப் பிள்ளைகள் அங்குப் பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்றை நிறுத்தினர். அதில் அவருடைய பெயரோ, பிறந்த ஊரோ, அரசு 1919இல் அளித்த கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தின் செய்தியோ பொறிக்கப்படவில்லை. தென்பாண்டி மக்கள் தாயை அழைக்கும் பழஞ்சொல் ஒன்று மட்டும் உள்ளது: அம்மை.