வானம் அறிந்த வலவர்

தேர் செலுத்துபவரைப் பழந்தமிழர் வலவர் என்றனர். வானூர்தி செலுத்துபவருக்கும் அச்சொல் நன்கு பொருந்தும். இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் வலவர் உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாடா. நம் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் நூலகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் 1904 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29 ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி வணிகர். தாய் பிரெஞ்சு நாட்டவர். ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோவின் குடும்பம், டாடாவின் கோடைக்கால இல்லத்திற்கு அருகில் வாழ்ந்தது. அங்கே துளிர்த்த பறக்கும் ஆசை, 1929 பிப்ரவரி 10 அன்று உரிமமாகக் கனிந்தது.

அக்காலத்தில் இலண்டனிலிருந்து விமானத்தில் வந்த அஞ்சல் கராச்சியோடு நின்றுவிடும். அதனைத் தெற்கே கொண்டுவர நெவில் வின்சென்ட் என்னும் விமானியுடன் இணைந்து டாடா ஒரு சேவையைத் தொடங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று காலை, ‘புஸ் மாத்’ என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியிலிருந்து தனியாகப் புறப்பட்டார். அகமதாபாத்தில் அவ்விமானத்திற்கு வேண்டிய பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது! பிற்பகலில் மும்பை ஜுகுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். இன்று கருநாடகத்தில் உள்ள பெல்லாரி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. வழியில் வானிலை எவ்வாறுள்ளது என்று சொல்வாரும் இல்லை. திசைகாட்டியும் வரைபடமும் கண்களுமே துணை. நந்தி மலையில் விடியற்காலை மேகத்தினுள் நின்றிருப்பீர்கள். பத்தடி தொலைவில் நிற்பவரும் தெரியமாட்டார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து குளிரும்போது, முகடுகள் அத்தகைய மேகத்தால் மூடப்படும். கண்ணை நம்பிப் பறப்பவருக்கு மேகத்தினுள் மறைந்த மலையே பெரும்பகை. தேவனஹள்ளியில் மார்கழி மூடுபனியால் விமானம் தாமதமாகும்போது சலித்துக்கொள்கிறோமே, அக்காத்திருப்பின் அருமை அவ்வலவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஜுகு பெயருக்குத்தான் விமானத்தளம். உண்மையில் அது கடலோரச் சேற்றுநிலம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். எப்படியாவது இறங்கிப் பார்ப்போம் என்று டாடாவும் அவர் குழுவினரும் துணியவில்லை. பருவமழைக்கு முன்னரே விமானங்களையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு புனேவுக்குப் பெயர்ந்தனர். அங்கே எரவாடாச் சிறையை அடுத்த திடலே அவர்களுடைய தளமாயிற்று. ஆபத்தைத் தரையிலேயே எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு அது. வானில் அஞ்சாதிருந்ததைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதலாண்டு நிறைவுற்றபோது, மழைக்காலத்திலும் அஞ்சல் ஒருமுறைகூடத் தாமதமாகவில்லை என்று அரசின் விமானத்துறை அறிக்கை பாராட்டியது. அச்சிறு சேவையே பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்தது.

தொழிலதிபராய் உயர்ந்த பின்னும் டாடா பறப்பதை விடவில்லை. 1982 அக்டோபர் 15 அன்று, தம் 78 ஆம் வயதில், ‘லெப்பர்ட் மாத்’ என்னும் பழைய விமானத்தில் கராச்சியிலிருந்து மும்பைக்கு மீண்டும் தனியாகப் பறந்தார். மேற்குக் கரையில் பருவமழை விடைபெறும் அதே அக்டோபர். இறங்கியதும் அதே ஜுகுவில்தான்.