விழுந்தே புகழ் பெற்ற சிரிப்பு நடிகர்

அடிபடாமல் விழுவது ஒரு வித்தை. அந்த வித்தையைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றவர் பஸ்டர் கீட்டன். ஊமைப் படக் காலத்தில் உலகத்தையே சிரிக்க வைத்தவர்!

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்ற சிற்றூரில், 1895-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை ஜோ, தாய் மைரா. இருவரும் ஊர் ஊராகச் சென்று மேடையில் வேடிக்கை காட்டிப் பிழைத்தவர்கள்.

குழந்தைக்கு இட்ட பெயர் ஜோசப். ஒருநாள் குழந்தை மாடிப்படியில் உருண்டு விழுந்தும் காயமின்றி எழுந்ததாம். அதனால் "பஸ்டர்" என்ற பட்டப்பெயர் வந்ததாக அவரே சொல்வது உண்டு.

முதுகில் கைப்பிடி

ஐந்து வயதிலேயே பஸ்டர் பெற்றோருடன் மேடை ஏறினான். குறும்பு செய்யும் மகனைத் தந்தை பந்துபோலத் தூக்கி எறிவார். இதுதான் வேடிக்கை. எறிவதற்கு வசதியாகச் சட்டையின் முதுகுப் பக்கத்தில் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்!

குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தார் பதறினார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். எலும்பு எதுவும் முறிந்திருக்கவில்லை.

இரகசியம் என்ன?

விழும்போது பயத்தால் உடம்பை விறைத்துக்கொள்வது மனித இயல்பு. அப்போதுதான் எலும்பு முறிகிறது. பஸ்டர் உடம்பைத் தளர்த்தி விடுவான். கையோ காலோ முதலில் தரையைத் தொட்டு வேகத்தைக் குறைக்கும். அப்படியே உருண்டு எழுந்துவிடுவான்.

இன்னொன்றையும் அவன் கவனித்தான். விழுந்தபின் தான் சிரித்தால், ஜனங்கள் குறைவாகச் சிரித்தார்கள். முகத்தில் அசைவே இல்லாவிட்டால் கொட்டகை அதிர்ந்தது. அந்தச் சிரிக்காத முகமே பின்னாளில் அவருடைய முத்திரை ஆயிற்று.

வளர வளர ஆபத்தும் வளர்ந்தது. தந்தை குடிக்கு அடிமையானார். குடித்தவர் கை குறி தவறும் அல்லவா? 1917-ம் ஆண்டு பஸ்டர் குடும்ப மேடையை விட்டுச் சினிமாவில் சேர்ந்தார்.

கழுத்து முறிந்தது!

1923-ம் ஆண்டு ஒரு படத்தில், மாடிக்கு மாடி தாவியபோது குறி தவறியது. நல்ல வேளை, கீழே வலை இருந்தது! அடிபட்டுச் சில நாள் படுத்தார். ஆனாலும், தவறிய தாவலையே படத்தில் சேர்த்துக்கொண்டார்.

மறு ஆண்டு "ஷெர்லாக் ஜூனியர்" படம். ரயில் பாதை ஓரத் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் தொங்கினார். தண்ணீர் வெள்ளமாகக் கொட்டித் தள்ளியதில், தண்டவாளத்தில் கழுத்து மோதியது. கடும் தலைவலி. ஆயினும் தொடர்ந்து நடித்தார். பல ஆண்டுகளுக்குப் பின் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், கழுத்து எலும்பு என்றோ முறிந்து கூடியிருப்பதைக் கண்டு திகைத்தார்!

விழத் தெரிந்தவருக்கும் தப்பாத அடி அது. இளைஞர்கள் இதை மறக்கலாகாது.

1928-ம் ஆண்டு ஒரு படத்தில், வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேல் சாய்ந்தது. திறந்திருந்த சன்னல் அவரைச் சுற்றி இறங்கியதால் பிழைத்தார். நிற்க வேண்டிய இடத்தை முன்பே அளந்து குறித்திருந்தார்கள். சில அங்குலம் விலகியிருந்தால் அவர் உயிர் போயிருக்கும்!

பெரிய விழுகை

அதே ஆண்டு, சொந்த ஸ்டூடியோவை விட்டு ஒரு பெரிய கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கே அவர் இஷ்டப்படி படம் எடுக்க முடியவில்லை. தந்தையைக் கெடுத்த குடி மகனையும் பிடித்தது. மனைவி பிரிந்தார். 1933-ம் ஆண்டு வேலையும் போயிற்று.

மாடியிலிருந்து விழுந்தவர் நொடியில் எழுந்தார். இந்த விழுகையிலிருந்து எழப் பல ஆண்டுகள் ஆயின.

1940-ம் ஆண்டு எலினார் என்ற நடன மங்கையை மணந்தார். அந்த அம்மையார் கடைசிவரை துணை நின்றார். சிறு வேடம், விளம்பரம், டெலிவிஷன் என்று கிடைத்த வேலையை எல்லாம் கீட்டன் செய்தார். பழைய படங்களை ஜனங்கள் மீண்டும் ரசித்தார்கள். 1960-ம் ஆண்டு சிறப்பு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

1966-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, 70-வது வயதில் அவர் மறைந்தார். சண்டைப் பட நடிகர் ஜாக்கி சான் போற்றும் முன்னோடிகளில் கீட்டனும் ஒருவர்.

அவர் வாங்கிய அடிகள் எத்தனையோ. படத்தில் ஒரு தடவைகூட அவர் முகம் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.