தாஸ்தாயெவ்ஸ்கியும் காக்கை வலிப்பும்

ருஷ்ய நாவலாசிரியர் பியோதர் தாஸ்தாயெவ்ஸ்கி 1821-ல் மாஸ்கோவில், ஏழைகளுக்கான மருத்துவமனையில் பணிபுரிந்த ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். இராணுவப் பொறியியல் கற்றார். எனினும் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். அரசுக்கு மாறான கருத்துக்களைப் பேசிய குழுவில் சேர்ந்ததற்காக 1849-ல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொலைக்களத்தில் நிறுத்திய பின்னரே தண்டனையைக் குறைத்த செய்தியை அறிவித்தனர். நான்காண்டுகள் சைபீரியாவில், ஓம்ஸ்க் சிறையில், கால் விலங்கோடு உழைத்தார்.

சைபீரியாவில்தான் காக்கை வலிப்பு ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்டது. 1857-ல் மணமான சில நாட்களிலேயே கடும் வலிப்பு கண்டது. வலிப்புக்கு முன் சில வேளைகளில் கணநேரப் பேரின்பம். பின்னர் பல நாள் மனச்சோர்வும் மறதியும். இந்நோய் இறுதிவரை அவரை விடவில்லை.

அவருடைய முன்கோபம், சூதாட்ட வெறி, சமயப் பற்று, ஓயாத எழுத்து ஆகிய அனைத்தையும் நோயின் கணக்கில் எழுதியவர் பலர். 1928-ல் பிராய்டு, மனக்குழப்பமே வலிப்பாயிற்று என்று தலைகீழாக வாதித்தார். 1970-களில் அமெரிக்க நரம்பியல் அறிஞர் கெஷ்விந்த், காதோரமுள்ள மூளைப் பகுதியில் எழும் வலிப்பு எழுத்து வேட்கையையும் சமய ஈடுபாட்டையும் மிகுவிக்கும் என்றார். அது இன்றும் விவாதத்திற்குரியதே.

சான்றுகளைப் பார்ப்போம். சூதாட்டத்தை அவர் 1871-ல் அடியோடு விட்டார், வலிப்போ தொடர்ந்தது. நோய்தான் காரணமெனில், காரணம் நிற்கக் காரியம் மறைந்தது எப்படி? ஓயாமல் எழுதியதற்குக் கடனும் ஒரு காரணம். 1866-ல், பதிப்பாளர் விதித்த கெடுவுக்காக, 'சூதாடி' நாவலை 26 நாட்களில் அன்னா என்ற சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்தார். மறு ஆண்டு அவரையே மணந்தார். 1878-ல் அவர்களுடைய மூன்று வயது நிரம்பாத மகன் வலிப்பிலேயே மாண்டான்.

தாம் பட்ட நோயைத் தம் பாத்திரங்களுக்கும் தந்தார். 'அசடன்' நாவலின் மிஷ்கின் களங்கமற்றவன். 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலின் ஸ்மெர்த்யகோவ் கொலைஞன். இருவருக்கும் ஒரே வலிப்பு. குணமோ மலையும் மடுவும்! 1881-ல் அவர் உயிரைப் பறித்தது நுரையீரல் நோயே.

வலிப்புடையோரிடம் மனச்சோர்வும் கவலையும் பிறரினும் மிகுதி என்பது உண்மை. மூளையின் நிலை, மருந்து, ஊராரின் இழிசொல் என அதற்குக் காரணங்கள் பல. ஆனால், வலிப்புக்காரர் எல்லோருக்கும் பொதுவான குணம் என ஒன்றில்லை. பைத்தியத்தோடு சேர்த்துக் காக்கை வலிப்பையும் மணத்தடையாக வைத்திருந்த நம் இந்து திருமணச் சட்டம், 1999-ல்தான் அச்சொல்லை நீக்கியது. சட்டம் விட்டதை நாமும் விடவேண்டாமா? விடுதியில் ஒரு தோழர் வலிப்புற்று எழுந்தால், அவர் குணத்தை ஆராயாமல் அருகில் அமர்வோமாக.