வளைந்த பாதங்களை நிமிர்த்திய அகதி வைத்தியர்

என் சின்னம்மாவின் மகன் 2008ஆம் ஆண்டின் கடைசியில் வன்னியில் பிறந்தான். வலது பாதம் உள்ளே திரும்பி, குதி மேலே தூக்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. கிரகண நேரத்தில் வெளியே போனதால் வந்த வினை என்று அயலில் சொன்னார்கள். சின்னம்மாவும் அதை நம்பினார். வைத்தியர் ஒருவர் கிழமைக்கு ஒன்றாக இரண்டு தடவை பிளாஸ்டர் போட்டார். மூன்றாவதுக்குப் போகவேண்டிய கிழமை நாங்கள் இடம்பெயர்ந்துவிட்டோம். மழையில் ஊறிப்போன அந்தப் பிளாஸ்டரை பங்கருக்குள் இருந்து அம்மா சுற்றுச் சுற்றாகக் கழற்றியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் கட்டு எதற்காகப் போடப்பட்டது, ஏன் கிழமைக்கு ஒருமுறை மாற்றப்பட்டது என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். அப்போதுதான் இக்னாசியோ பொன்செட்டி என்ற பெயரை அறிந்தேன். அவர் இறந்தது 2009 ஒக்டோபர் 18. அன்று நாங்கள் முட்கம்பிக்குள் இருந்தோம். அவரும் தன் இளமையில் போரில் தோற்ற பக்கத்தில் நின்று, காயப்பட்டவர்களோடு எல்லை கடந்தவர் என்பது வாசித்தபோதுதான் தெரிந்தது.

பொன்செட்டி 1914 ஜூன் 3ஆம் திகதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான மெனோர்கா தீவில் பிறந்தார். தகப்பன் மணிக்கூடு திருத்துபவர். மகனும் சிறுவயதில் அந்தப் பட்டறையில் உதவியாக இருந்தார். பார்சிலோனாவில் மருத்துவம் படித்து, 1936இல் படிப்பு முடிந்த கையோடு உள்நாட்டுப் போர் வெடித்தது. குடியரசுப் படையின் வைத்தியராகச் சேர்ந்தார். உடைந்த என்புகளைப் பொருத்திக் கட்டுவதே அவரது அன்றாட வேலையானது.

1939 ஜனவரி 26இல் பார்சிலோனா வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் பிரான்ஸ் எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்களில் பலர் தெற்குப் பிரான்சின் கடற்கரைகளில், முட்கம்பி வேலிக்குள், வெறும் மணலில் அடைக்கப்பட்டார்கள். காயப்பட்டவர்களை ஏற்ற அம்புலன்ஸ் இல்லை. பிரனீஸ் மலைப்பாதைகளை நன்கு அறிந்த கடத்தல்காரர்களின் துணையோடு, கோவேறு கழுதைகளில் அவர்களை ஏற்றி எல்லைக்கு அப்பால் சேர்த்தார் பொன்செட்டி. பிறகு தானும் தப்பினார். ஸ்பெயின் அகதிகளுக்குக் கதவு திறந்த மெக்சிக்கோவில் இரண்டு வருடங்கள் குடும்ப வைத்தியராக இருந்தார். 1941இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு, ஆர்தர் ஸ்டைன்ட்லர் என்ற என்பியல் நிபுணரிடம் படிக்கப் போனார். மிச்ச வாழ்க்கை முழுவதும் அவருடைய ஊர் அதுவேயானது.

அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று, வளைபாதத்தோடு பிறந்து முன்னர் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது. பாதங்கள் பார்வைக்கு ஓரளவு நேராக இருந்தன. ஆனால் இறுகியிருந்தன, பலமில்லாமல் இருந்தன, நோகின. வெட்டிய இடங்களில் தழும்பு இறுகி, மூட்டுகள் அசைய மறுத்தன.

பொன்செட்டி பாதத்தின் உள்ளமைப்பைப் படிக்கத் தொடங்கினார். குழந்தையின் என்புகளை இணைக்கும் நார்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அவை அலைஅலையாக மடிந்திருந்தன. மெல்ல இழுத்தால் நீளும், சில நாள் அப்படியே வைத்திருந்தால் அந்த நீளத்திலேயே நிற்கும், பிறகு இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பிளாஸ்டர் செய்யும் வேலை இதுதான். பாதத்தைத் திருத்துவது கை. கை திருத்தியதைக் கிழமைக்கணக்கில் பிடித்துவைத்திருப்பது பிளாஸ்டர்.

பிளாஸ்டர் அவருக்கு முன்பும் இருந்தது. பலர் போட்டும் சரிவரவில்லை. எங்கே அழுத்துவது என்பதில்தான் பிழை நடந்தது என்று பொன்செட்டி கண்டார். மற்றவர்கள் பாதத்தின் வெளிப்பக்க நடுவில் அழுத்தினார்கள். அது குதி என்பு திரும்புவதைத் தடுத்தது. பொன்செட்டி கணுக்காலுக்கு முன்னால், வெளிப்பக்கம் தட்டுப்படும் என்பின் தலையில் கட்டைவிரலால் அணைகொடுத்தார். முழுப் பாதமும் அந்தப் புள்ளியைச் சுற்றி வெளியே திரும்பியது. குதியை யாரும் தொடாமலே அதுவும் கூடவே நேரானது.

ஒழுங்கும் முக்கியம். முதல் கட்டில் பாதத்தை வெளியே திருப்புவதில்லை. பெருவிரல் பக்கத்தை உயர்த்தி, உள்ளங்காலின் ஆழமான குழிவை எடுக்கிறார்கள். பார்க்கும் தாய்க்கு பாதம் இன்னும் மோசமானதுபோலத் தெரியும். அடுத்தடுத்த கிழமைகளில் பாதம் சிறிது சிறிதாக வெளியே வரும். கட்டு தொடைவரை இருக்க வேண்டும், முழங்கால் மடிந்திருக்க வேண்டும். பொதுவாக ஐந்து முதல் ஏழு கட்டுகள் போதும். கடைசியாகத் திருத்துவது தூக்கி நிற்கும் குதியை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த இடத்தில் மட்டும், குதிநாணைச் சிறு கீறலால் அறுத்துவிட்டு மூன்று கிழமை கட்டு போடுகிறார்கள். அதற்குள் நாண் தேவையான நீளத்தில் மறுபடி வளர்ந்துவிடும்.

பொன்செட்டி இந்த முறையை 1940களின் இறுதியில் தொடங்கி, 1963இல் கட்டுரையாக வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களிலும் 80களிலும் பாதத்தை விரிவாகத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையே உலகெங்கும் பரவியது. அவர் 1984இல் ஓய்வுபெற்று, பின்னர் மறுபடி வேலைக்கு வந்தார். 1995இல் அவரது பழைய நோயாளிகள் 45 பேரைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவர்களின் சராசரி வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 78 சதவீதமானோரின் பாதம் நல்ல நிலையில் இருந்தது. பாதக் குறை இல்லாமல் பிறந்தவர்களை அதே அளவுகோலால் பார்த்தபோது கிடைத்தது 85 சதவீதம். அடுத்த வருடம் அவரது புத்தகம் வந்தது. குழந்தையைச் சத்திரசிகிச்சைக்குக் கொடுக்கத் தயங்கிய பெற்றோர் இணையத்தில் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லி அயோவாவைத் தேடிப் போனார்கள். வைத்திய உலகம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. தொண்ணூறு வயதுக்குப் பிறகும் பொன்செட்டி குழந்தைகளின் பாதங்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கும்போது அவருக்கு வயது 95.

இன்று இலங்கை உட்பட உலகின் பெரும்பகுதியில் அவர் வழியே கைக்கொள்ளப்படுகிறது. ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ ஒன்று வளைபாதத்தோடு நிகழ்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இரண்டு மடங்கு. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டு பாதமும் வளைந்திருக்கும். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொதுவாகத் தாய் செய்த எதனாலும் இது வருவதில்லை.

பிறந்த குழந்தையின் பாதம் உள்ளே திரும்பியிருந்தால், மெல்லத் தடவி நேராக்கிப் பாருங்கள். இலகுவாக நேராகிறது என்றால் வயிற்றுக்குள் இருந்த இருப்பால் வந்ததாக இருக்கலாம். வர மறுத்து, குதியும் இறங்காவிட்டால் வளைபாதமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வைத்தியர் இடுப்பையும் முதுகையும் சேர்த்துப் பார்ப்பார். ஆறு அடையாளங்களைப் பார்த்து, பூச்சியம் முதல் ஆறு வரை புள்ளி போடுவார். புள்ளி கூடினால் வளைவு கடுமை. கிழமைக்குக் கிழமை அது குறைவதை நீங்களும் கேட்டு அறியலாம்.

கட்டுகள் கழன்றதும் வேலை பெற்றோரின் கைக்கு வருகிறது. ஒரு தண்டில் பூட்டிய இரண்டு சப்பாத்துகளை முதல் மூன்று மாதமும் நாளுக்கு 23 மணித்தியாலம் போடவேண்டும். பிறகு நான்கு வயதுவரை நித்திரை நேரங்களில். பாதம் பார்க்க நேராக இருக்கும், பிள்ளை அழும், போதும் என்று தோன்றும். அங்கே நிறுத்தினால் பாதம் மறுபடி உள்ளே போகும்.

சின்னம்மாவின் மகனுக்கு முகாமை விட்டு வந்தபின் மறுபடி கட்டு போட்டார்கள். பாதம் வந்தது. சப்பாத்தைத்தான் தொடர முடியவில்லை. சின்னம்மா கூலி வேலைக்குப் போய்வந்தார். கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். சப்பாத்து சிறிதானபோது அடுத்தது கிடைக்கவில்லை. இன்று அவன் பாதத்தின் வெளிவிளிம்பில் நடக்கிறான். அந்த இடத்தில் தோல் காய்த்துப்போயிருக்கிறது. திரும்ப வளைந்த பாதத்துக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அவன் வயதில் அது கட்டோடு முடிவதில்லை. சின்னம்மா நெடுங்காலம் கிரகணத்தைச் சொன்னார், பிறகு தன்னையே சொன்னார். பொன்செட்டியின் கதையை நான் அவருக்கு இருந்து சொன்னேன். கழுதையில் காயக்காரரை ஏற்றிய இடத்தில் நிறுத்தி, அந்த ஆட்கள் பிழைத்தார்களா என்று கேட்டார்.

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு குழந்தை அதே பாதத்தோடு பிறந்தது. ஆறு கட்டு முடிந்து இப்போது சப்பாத்துப் போடுகிறார்கள். இரவில் கேற்றைப் பூட்டமுன் சின்னம்மா அந்த வீட்டுக்கு ஒருதரம் போய்வருகிறார். தண்டு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.