தமுக்கத்து ராணி

சித்திரைப் பொருட்காட்சிக்குத் தமுக்கம் போகாதவங்க நம்ம ஸ்கூல்ல யாரும் இருக்க மாட்டாங்க. பக்கத்துல காந்தி மியூசியம் இருக்கே, அந்த வெள்ளைக் கட்டடம் யாருடையது தெரியுமா? ராணி மங்கம்மாளின் கோடைகால அரண்மனை! 1959-ல்தான் அது மியூசியம் ஆனது.

மங்கம்மாள் அரண்மனையில் பிறந்தவர் இல்லை. சொக்கநாத நாயக்கரின் தளபதி லிங்கம நாயக்கருடைய மகள். மன்னரை மணந்து ராணியானார். 1682-ல் மன்னர் இறந்தபோது, மகன் சின்னப் பையன் என்பதால் அவர் உடன்கட்டை ஏறவில்லை. மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பருக்குப் பட்டம் வந்தது. ஏழே வருஷம்தான். 1689-ல் அம்மை நோய் அவரையும் கொண்டுபோய்விட்டது.

இப்போ பட்டம் யாருக்கு? மருமகள் அப்போது மாசமாக இருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது, சில நாளில் தாயும் இறந்தாள். அன்று பட்டம் ஆண் வாரிசுக்குத்தான். அதனால் பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குத் தொட்டிலிலேயே பட்டம் கட்டினார்கள். பெயர் பேரனுக்கு, பாரம் பாட்டிக்கு!

பதினேழு வருஷம் பாட்டிதான் ஆண்டார். ஔரங்கசீப்போடு மோதாமல் கப்பம் கட்டி நாட்டைக் காப்பாற்றினார். பயந்தவர்னு நினைக்காதீங்க. திருவிதாங்கூருக்குப் படை அனுப்பினார். மைசூர் மன்னர் காவிரியில் அணை கட்டியபோது, தஞ்சாவூரோடு சேர்ந்து எதிர்க்கத் தயாரானார். அதுக்குள்ள வெள்ளம் வந்து அணை உடைஞ்சிருச்சு! 1702-ல் ராமநாதபுரத்தோடு நடந்த போரில் மட்டும் தோல்வி. தளவாய் நரசப்பையாவும் அதில் இறந்தார். சாலை, சத்திரம், நிழல் மரம் எல்லாம் வைத்தார். தெரியாமல் இடது கையால் வெற்றிலை போட்டதற்குப் பரிகாரமாகத்தான் இந்தத் தர்மம் எல்லாம் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நல்லது செய்ய ஒரு தப்பு செஞ்சிருக்கணுமா என்ன?

1706-ல் ஆட்சி பேரன் கைக்குப் போனது. பேரனின் ஆட்கள் பாட்டியைச் சிறை வைத்து, கண்ணுக்குத் தெரியுற தூரத்தில் சோற்றை வைத்து, எட்டவிடாமல் பட்டினி போட்டுக் கொன்றதாக ஊரில் சொல்வார்கள். வரலாற்று ஆசிரியர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை.

அந்தப் பேரனுக்கும் பிள்ளை இல்லை. 1732-ல் அவர் இறந்ததும் மனைவி மீனாட்சி ஆள வந்தார். பங்காளி வங்காரு திருமலை பட்டத்துக்குப் போட்டி போட்டார். இந்தச் சண்டைக்குள் சந்தா சாகிப் நுழைந்தார். கொஞ்ச வருஷத்தில் நாயக்கர் பட்டமே இல்லாமல் போனது.

அடுத்த தடவை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனா, பொற்றாமரைக் குளம் பக்கம் ஊஞ்சல் மண்டபத்துல அண்ணாந்து பாருங்க. திருக்கல்யாண ஓவியத்தில் பாட்டியும் பேரனும் கூட இருக்காங்க.