சாக்கு தைத்த டாக்டர்

இந்த இதழில் ஓர் ஓவியரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஓவியம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். கடைசியில் இது வீடும் தெருவும் பற்றிய விஷயம்தான்.

ஆல்பெர்ட்டோ புர்ரி 1915-ல் இத்தாலியின் உம்பிரியா பகுதியில் உள்ள சிட்டா டி காஸ்டெல்லோ என்ற சிற்றூரில் பிறந்தார். பெருஜா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1940-ல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ராணுவ மருத்துவராக வட ஆப்பிரிக்காவுக்குப் போனவர், 1943-ல் துனிசியாவில் சிறைபிடிக்கப்பட்டார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹியர்ஃபோர்ட் என்ற ஊரில் இருந்த போர்க்கைதிகள் முகாமுக்கு அனுப்பினார்கள்.

அந்த முகாமில்தான் முதன்முதலாகத் தூரிகையைப் பிடித்தார். துணி கிடைக்காதபோது கோணிச் சாக்கின் மேலேயே வரைந்தார். 1946-ல் ஊர் திரும்பியதும், படித்த மருத்துவத்தை ஒதுக்கிவிட்டு ரோமில் ஓவியராகக் குடியேறினார். நிலையான வருமானம் தரும் தொழிலை முப்பது வயதுக்கு மேல் விடுவது என்பது, மாதச் சம்பளத்திலேயே காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்கும் காரியம்.

முதலில் மனிதர்களையும் இடங்களையும் வரைந்தார். சீக்கிரமே உருவங்களை விட்டுவிட்டார். தாரை எடுத்துப் பூசினார். பிறகு சாக்கின் மேல் வரைவதை விட்டு, சாக்கையே ஓவியமாக்கினார். கிழிந்த சாக்குகள், ஒட்டுப் போட்ட சாக்குகள், போருக்குப் பின் உதவிப் பொருள்கள் வந்த, எழுத்து அச்சடித்த சாக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தார். கிழிசலுக்குள் ஆங்காங்கே சிவப்பு தெரியும். பார்த்தவர்கள் இது டாக்டர் போட்ட தையல், போர்க்காயத்தின் கட்டு என்றார்கள். அவர் அப்படி விளக்கம் சொல்ல மறுத்தார். நிறமும் வடிவமும் அவற்றின் சமநிலையும் மட்டுமே தன் வேலை என்பது அவர் நிலை. கந்தல் சாக்கை அருங்காட்சியகத்தில் மாட்டுவதா என்று இத்தாலிய நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது.

அவர் அசரவில்லை. மரச்சீவலை எரித்தார். இரும்புத் தகடுகளை வெட்டி வெல்டிங் செய்தார். பிளாஸ்டிக் தாளை நெருப்பால் சுட்டு ஓட்டை விழச் செய்தார். 1970-களில் வெள்ளைக் களிமண்ணோடு, நம் தச்சர்கள் பயன்படுத்துவது போன்ற வெள்ளைப் பசையைக் கலந்து கனமாகப் பூசி உலரவிட்டார். ஈரம் வற்றும்போது அது சுருங்கி, கோடையில் காய்ந்த ஏரி போல வெடிக்கும். இந்த வகைக்குக் கிரெட்டோ என்று பெயர்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1968 ஜனவரியில் சிசிலியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஜிபெல்லினா என்ற ஊர் முற்றிலும் தரைமட்டமானது. பல கிலோமீட்டர் தள்ளிப் புது ஊர் கட்டினார்கள். அதை அழகுபடுத்தக் கலைஞர்களை அழைத்தபோது புர்ரியும் போனார். புது ஊரில் தனக்கு வேலை இல்லை என்று கருதி, இடிந்த பழைய ஊரைப் போய்ப் பார்த்தார். இடிபாடுகளைத் திரட்டி, அவற்றின் மேல் வெள்ளைக் கான்கிரீட் போட்டு மூடும் திட்டத்தைத் தந்தார். பழைய தெருக்கள் பலவும் வெடிப்புகளாக அப்படியே இருக்கும். நாம் அவற்றில் நடந்து போகலாம்.

1980-களின் நடுவில் தொடங்கிய வேலை, பணம் போதாமல் 1989-ல் நின்றது. புர்ரி 1995-ல் பிரான்சின் நீஸ் நகரில் காலமானார். மீதி வேலை அவர் பிறந்த நூற்றாண்டான 2015-ல்தான் முடிந்தது. பரப்பு சுமார் 85,000 சதுர மீட்டர், அதாவது 20 ஏக்கருக்கு மேல்.

ஒருவர் பிறந்த வீட்டு வாசலைச் சிமென்ட் போட்டு மூடுவது நியாயமா? இந்தக் கேள்வியை நானும் எனக்குள் கேட்டுப் பார்த்தேன். இடிபாட்டை லாரியில் அள்ளியிருந்தால் வீட்டோடு தெருவும் போயிருக்கும். அப்படியே விட்டிருந்தால் முள்ளும் புதரும் மூடியிருக்கும். இப்போது வீடு இல்லை. ஆனால் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பேரனைக் கூட்டிப் போய், இந்தத் தெருவில்தான் இருந்தோம் என்று நின்று காட்ட முடியும்.

சொந்த ஊரையும் அவர் மறக்கவில்லை. தன் படைப்புகளை அங்கே ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். பெரிய படைப்புகள், முன்பு புகையிலை உலர்த்திய கொட்டகைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இவர் பெயரைச் சொல்லிப் படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.