தமாஷாவை மக்கள் மன்றமாக்கிய அண்ணாபாவ் சாத்தே

கூத்து, நாடகம், திரைப்படம் எனப் பொழுதுபோக்குக் கலைகள் காலந்தோறும் உருமாறி வந்துள்ளன. ஆட்டத்தைக் கண்டு களித்தவர் பலர். ஆடியவர் எச்சாதியினர், விடிந்தபின் அவருக்கு அவ்வூரில் எவ்விடம் கிடைத்தது என்று கேட்டவர் மிகச் சிலரே. வெள்ளி விழா மலருக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது, இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்த மராட்டியக் கலைஞர் அண்ணாபாவ் சாத்தே அவர்களே நம் நினைவுக்கு வந்தார்.

1920 ஆகஸ்ட் 1ஆம் நாள், இன்றைய சாங்கிலி மாவட்டத்து வாட்டேகாவ் என்னும் சிற்றூரில், மாங்கு எனப்படும் தீண்டப்படாத குலத்தில் அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் துக்காராம். கயிறு திரித்தலும், ஊர்த் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் ஹல்கி என்னும் தோற்கருவியை முழக்குதலும் அக்குலத்தார்க்கு விதிக்கப்பட்ட தொழில்கள். ஹல்கி வடிவிலும் ஒலியிலும் நம் பறைக்கு நெருங்கிய உறவு. அதனை முழக்க அழைத்த ஊர், முழக்கியவரை வாயிற்படிக்கு அப்பாலேயே நிறுத்தியது. போதாக்குறைக்கு வெள்ளையர் அரசு அம்மக்களைக் குற்றப் பரம்பரையினர் பட்டியலிலும் சேர்த்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவர் பயின்ற காலம் ஒன்றரை நாள் என்பர். பிள்ளைகளைப் பள்ளியில் நிலைநிறுத்துவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இச்செய்தியைப் படிக்கும்தோறும் நெஞ்சு கனக்கிறது. அறிவில்லாத பிள்ளை அல்லர் அவர். பள்ளிதான் அப்பிள்ளைக்கு இடமில்லாததாய் இருந்தது. 1931ஆம் ஆண்டளவில் குடும்பத்தார் பிழைப்புத் தேடி இருநூறு மைலுக்கு மேல் கால்நடையாகவே பம்பாய் சேர்ந்தனர். சுமை தூக்கியும், கரி பொறுக்கியும், ஆலையில் உழைத்தும் வளர்ந்த அச்சிறுவர், கடைப் பலகைகளையும் சுவரொட்டிகளையும் பார்த்து எழுத்துக் கற்றார். மாட்டுங்கா தொழிலாளர் குடியிருப்பில் பொதுவுடைமை இயக்கத்தார் தொடர்பு ஏற்பட்டது.

இனி, தமாஷா என்பது யாது எனச் சிறிது கூறவேண்டும். பேஷ்வாக்கள் காலத்தில் மராட்டியத்தில் தழைத்த கூத்து அது. முதலில் கணபதி வணக்கம். அடுத்து ஆய்ச்சியரை வழிமறிக்கும் கண்ணன் காட்சி. அதன்பின் லாவணிப் பாடலும் ஆட்டமும். முடிவில் 'வக்' எனப்படும் கதை நாடகம். டோலக்கியும், ஒற்றைத் தந்தித் துந்துணாவும், தாளமும் துணை நிற்கும். ஆடியோர் பெரும்பாலும் மகார், மாங்கு, கோலாட்டி குலத்தார். ஆடிய பெண்கள் பட்ட இழிவு சொல்லுந்தரத்ததன்று. 1927இல் மகாடு போராட்டத்திற்கென, தமாஷா நடத்திப் பொருள் திரட்டித் தர அக்காலத்துப் புகழ்பெற்ற கலைஞர் பட்டே பாபுராவ் முன்வந்தபோது, பெண்களை ஆடவைத்து ஈட்டும் பணம் வேண்டா என அண்ணல் அம்பேத்கர் மறுத்துவிட்டார். அம்மறுப்பு நியாயமானது என்பதே நம் கருத்து. ஆயினும் அக்கலையை என்ன செய்வது என்ற வினா எஞ்சி நின்றது. விட்டொழிப்பதா, திருத்திக் கொள்வதா?

அண்ணாபாவ் திருத்தத் துணிந்தார். உறவினர் ஒருவரின் தமாஷாக் குழுவில் முன்னரே ஆடிப் பழகியவராதலின் அதன் நெளிவு சுளிவு அனைத்தும் அவருக்குத் தெரியும். 1944இல் அமர் சேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்னும் செங்கொடிக் கலைக்குழுவை நிறுவினார். கணபதி வணக்கம் இருந்த இடத்தில் தாய்நாட்டுக்கும் உழைப்பாளிக்கும் வணக்கம் வைத்தார். ஆய்ச்சியர் காட்சியை நீக்கினார். கதையில் அரசரும் மந்திரியும் நின்ற இடத்தில் நிலக்கிழாரும், வட்டிக்காரரும், சுற்றுப்பயணம் வரும் அமைச்சரும் வந்து நின்றனர். கோமாளியின் குறும்பையோ டோலக்கியின் துள்ளலையோ அவர் தொடவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தபடியே தொழிலாளி தன் கூலிக் கணக்கையும் கேட்டறிந்தான். விடுதலைக்குப் பின் பம்பாய் அரசு தமாஷாவுக்குத் தடை விதித்தது. அதே ஆட்டம் 'லோக்நாட்டியம்', அதாவது மக்கள் நாடகம், என்ற பெயரில் மீண்டும் மேடையேறியது.

ஒன்றுபட்ட மராட்டியப் போராட்டத்தின்போது, ஊரில் மனைவியை விட்டுப் பட்டணம் வந்த தொழிலாளியின் ஏக்கமாக அவர் கட்டிய லாவணி பட்டிதொட்டியெங்கும் பாடப்பட்டது. 1960 மே 1இல் மராட்டிய மாநிலம் உருவானது.

நாவல்கள் மட்டும் முப்பதுக்கு மேல் எழுதினார். பஞ்ச காலத்தில் தானியத்தைக் கைப்பற்றி ஏழையர்க்கு வழங்கி, வெள்ளையரை எதிர்த்து நின்ற மாங்கு வீரனின் கதையான 'பகீரா' 1959இல் வெளிவந்து, 1961இல் மாநில அரசின் பரிசைப் பெற்றது. அந்நூலை அவர் அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார். 'வைஜயந்தா' தமாஷாப் பெண்ணின் துயரைக் கூறுவது, திரைப்படமாகவும் வந்தது. 1958இல் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. பூமியை ஆதிசேடன் தாங்கவில்லை, தலித்துகளும் தொழிலாளரும் தாங்குகின்றனர் என்று அங்கே பேசினார்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், தந்தை பறை முழக்குபவர் என்பதைப் படிவத்தில் எழுதக் கூசி, 'கூலி' என்று எழுதுமாறு கெஞ்சினான். நாமும் அவ்வாறே எழுதிக் கொடுத்தோம். அன்று அண்ணாபாவின் வரலாறு நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவனை உட்காரவைத்து இக்கதையைக் கூறியிருப்போம். அதன்பின் என்ன எழுதுவது என்பதை அவனே முடிவு செய்திருப்பான்.

1961இல் சோவியத் நாட்டிற்குச் சென்று வந்து, அப்பயணத்தை நூலாக எழுதினார். திரும்பி வந்ததும் அதே காட்கோபர் சிராக் நகர்க் குடிசைக்குத்தான். நூல்கள் விற்றன, படங்கள் ஓடின, வறுமை மட்டும் அகலவில்லை. 1969 சூலை 18இல், நாற்பத்தொன்பது அகவை நிறைவதற்கு இரு வாரம் முன்னர் அவர் மறைந்தார். 2002இல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2022 செப்டம்பரில் மாஸ்கோவின் அயல்நாட்டு இலக்கிய நூலகத்தில் அவர் சிலை திறக்கப்பட்டது.